இந்த வருடம் பன்னிரண்டு தட்டுதான்

நவம்பர் 3, ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாட்கள். இந்த வருடம் பண்டிகையை அதிகச் சிரமமும் செலவும் இல்லாமல் நடத்துவது என்று இன்று காலை ஆராதனையில், பிரசங்கத்தின்போது முடிவு செய்தேன். பிரசங்கம் நீளமாக இருந்தது. திட்டம் முழுவதையும் போட முடிந்தது.

போன வருடச் செலவு: வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பதினான்காயிரம். ஜவுளி இருபத்திரண்டாயிரம். இதில் எங்களுக்கு எடுத்தது கொஞ்சம்தான், மீதி என் மனைவி லீதியாளின் அண்ணன் வீட்டில் ஆறு பேருக்கு. அக்கம்பக்கம் நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் பலகாரத் தட்டு, பன்னிரண்டாயிரம். கேரல் பாட வந்த ஐம்பது பேருக்கு வடை, சுக்குக் காப்பி, மூவாயிரத்துச் சொச்சம். கறி, கேக், நட்சத்திரம், உறவுக்காரர்கள் நான்கு நாள் தங்கியது எல்லாம் சேர்த்து எழுபத்தாறாயிரம். இந்த வருடம் இருபதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும்.

யாராவது காரணம் கேட்டால் வயதாகிவிட்டது என்று சொல்லலாம். எனக்கு அறுபத்து மூன்று. கிருபாபுரம் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் சொன்னால் ஊர் நம்பும்.

உண்மைக் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். என் கையெழுத்து லீதியாளுக்குப் புரியாது. நேற்று சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து வெலிங்டன் பேசினான். எங்கள் ஊர்க்காரன், பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறவன். என் மகன் ஆல்வின் கட்டிடப் படம் வரைகிற கட்டுமானக் கம்பெனியை அக்டோபரில் மூடிவிட்டார்களாம். அறுபது பேருக்கு வேலை போய்விட்டது. ஆல்வினும் அதில் ஒருவன். அவன் யாரிடமும் சொல்லவில்லை. விசா டிசம்பர் கடைசி வரைதான்.

வருடா வருடம் பண்டிகைச் செலவுக்கு என்று ஆல்வின் இருபத்தைந்தாயிரம் அனுப்புவான். இந்த வருடமும் கடன் வாங்கியாவது அனுப்புவான். எங்களுக்குச் செலவே இல்லை என்று ஆக்கிவிட்டால் அனுப்ப மாட்டான். இதுதான் திட்டம். அவனுக்கு வேலை போனது ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. லீதியாளுக்கும் தெரியக் கூடாது. அவளால் தாங்க முடியாது.

நவம்பர் 5, செவ்வாய்

லீதியாளிடம் திட்டத்தைச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் வெள்ளையடிக்க வேண்டாம்னு பாக்கேன்."

"வேண்டாம்."

"பலகாரம் பன்னெண்டு வீட்டுக்குப் போதும்."

"போதும். எனக்கும் முட்டு வலிக்கு. அடுப்புக்கு முன்னால யாரு உக்காந்துகிட்டு இருப்பா?"

கடைசியாக, கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய அண்ணன் வீட்டு ஜவுளியைப் பற்றிச் சொன்னேன்.

"அண்ணன்ட்ட நான் பேசிக்கிடுதேன். அவியளும் வரவேண்டாம். நாம ரெண்டு பேரும் நிம்மதியா இருப்போம்."

முப்பத்து மூன்று வருடக் குடித்தனத்தில், நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இது. எடுத்துச் சொல்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

வழக்கம்போல ஆல்வின் வீடியோவில் பேசினான். வேலை எப்படி என்று கேட்டேன். "கூடுதல்ப்பா. மூச்சு விட நேரம் இல்ல" என்றான். தாடி விட்டிருக்கிறான். இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகைச் செலவு ஒன்றும் கிடையாது, பணம் அனுப்ப வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "அதெப்படிப்பா" என்று சிரித்தான்.

பிறகு லீதியாள் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லையாம்.

நவம்பர் 13, புதன்

காலை பதினொரு மணிக்கு ஆல்வின் தவறிப்போய் வீடியோவில் கூப்பிட்டுவிட்டான். சைட்டில் இருப்பதாகச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் கட்டிலும் போர்வையும் தெரிந்தன.

மதியம் வங்கிக்குப் போய் நாற்பதாயிரம் ரூபாய் டெபாசிட்டை உடைத்தேன். அதை வெலிங்டனின் கணக்குக்கு அனுப்பினேன். அங்கே அவன் தன் கையிலிருந்து கொடுப்பதுபோல ஆல்வினுக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது என்று சொல்லக் கூடாது.

"சொல்ல மாட்டேன் சித்தப்பா. ஆனா இந்த ரகசியம் எல்லாம் எனக்கு ஒத்து வராது" என்றான். அவன் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயந்த சுபாவம்.

நவம்பர் 20, புதன்

மழை. வெள்ளையடிக்காததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் மீன் வாங்கிப் பதினைந்து நாள் ஆகிறது. விலை ஏறிவிட்டதாம். லீதியாள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறாள், கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வார வருகைக் காலம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். காப்பியில் சர்க்கரை பாதிதான் இருக்கிறது. நான் ஏற்கெனவே பாதியாகக் குறைத்து வாங்கியதில் அவள் பாதி போடுகிறாள் போல.

கையில் வளையல்கள் இல்லையே என்று கேட்டேன். "வீங்கிட்டுங்க. இறுக்குது. கழத்தி வச்சிருக்கேன்" என்றாள். அறுபதை நெருங்கும்போது கை வீங்குவது உண்டுதான். உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

நவம்பர் 26, செவ்வாய்

கடைத்தெருவில் கேரல் குழுத் தலைவர் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் வடை கிடையாது, பிஸ்கட்டும் டீயும்தான் என்று சொன்னேன். "என்ன அண்ணாச்சி, மகன் ஷார்ஜாவுல அள்ளிக் குவிக்கான், நீங்க பிஸ்கட்டுக்கு வந்துட்டிய?" என்றார். எனக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது, எண்ணெய் ஆகாது என்றேன். "சாப்பிடப் போறது நாங்கல்லா" என்றார்.

ஒரு திட்டத்தில் செலவைக் குறைப்பது எளிது. பேச்சைக் குறைக்கத்தான் வழி தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

சபையில் இன்று காணிக்கைக் கவர்கள் கொடுத்தோம். சபைச் செயலர் என்ற முறையில் நூற்று நாற்பது கவர்களை நானே எண்ணிக் கொடுத்தேன். வெளியூர்க்காரர்கள் யாராவது பிற்பாடு இதை வாசித்தால் புரிவதற்காக எழுதுகிறேன்: ஒவ்வொரு குடும்பமும், சம்பாதிக்கிற பிள்ளை ஒவ்வொன்றும் தனிக் கவர் போட வேண்டும். கவரின் மேல் பெயர், ஊர், காணிக்கைத் தொகை, அதற்குக் கீழே ஜெபக் குறிப்பு. கிறிஸ்மஸ் அன்று அதிகாலை ஆராதனையில் செயலர் எல்லாவற்றையும் மைக்கில் வாசிப்பார். ஜெபக் குறிப்பில் பெரும்பாலும் யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினால் "கிருபைகளுக்கு நன்றி" என்றிருக்கும். மற்றபடி பெயர், ஊர், தொகை. ஊர்தான் முக்கியம். மஸ்கட், தோஹா, பெங்களூர் என்று வரும்போது ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆறு வருடமாக "ஆல்வின் ராபர்ட், ஷார்ஜா, ஐயாயிரம் ரூபாய்" என்று நான்தான் வாசிக்கிறேன். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் ஏறும் என்று லீதியாள் சொல்வாள். அந்த மைக் அப்படி.

ஆல்வினுடைய கவரை எடுத்து வைத்திருக்கிறேன். ஐயாயிரத்தை நானே போட்டுவிடலாம். செலவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். இருபதாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆகிறது, பரவாயில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

லீதியாள் உபவாசம். நான் மதியம் பழைய சோறும் ஊறுகாயும். இருவரும் சௌக்கியம்.

டிசம்பர் 14, சனி

மதியம் பன்னிரண்டரைக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. என் கணக்கில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரவு. அனுப்பியவர் ஆல்வின் ராபர்ட்.

ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு வெலிங்டனைக் கூப்பிட்டேன்.

"ஏல, அவன் கையில பணம் ஏது? யார்ட்ட வாங்கினான்?"

"யார்ட்டயும் வாங்கல சித்தப்பா. நான் குடுத்ததுதான்."

"நீ குடுத்தது நான் குடுத்ததுல்லா?"

"ஆமா."

"அது வாடகைக்குல்லா குடுத்தது?"

"நானும் அதத்தான் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பலன்னா அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும்னு அனுப்பிட்டான்."

ஆக, நவம்பர் பதின்மூன்றாம் தேதி நான் அனுப்பிய பணம் ஷார்ஜா வரை போய், அங்கே ஒரு வேளைச் சாப்பாடாகவும் ஆகாமல், முப்பத்தோராவது நாள் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் விலாசம் தப்பான மணியார்டர்கள்தான் இப்படித் திரும்பி வரும்.

மீதிப் பதினைந்தாயிரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். வெலிங்டன், "பதினஞ்சு இல்ல சித்தப்பா, நாப்பத்தஞ்சு. சித்தி அனுப்பின முப்பதும் இருக்குல்லா" என்றான்.

"எந்தச் சித்தி?"

"ஐயோ" என்றான் வெலிங்டன். பிறகு அழுகிற குரலில், "என்னால ஆகாது சித்தப்பா. நீங்க சித்திக்குத் தெரியக் கூடாதுங்கிய. சித்தி உங்களுக்குத் தெரியக் கூடாதுங்காவ. அவன் ரெண்டு பேருக்கும் எதுவும் தெரியக் கூடாதுங்கான். ஒரு மனுஷன் எத்தன பேருக்குப் பொய் சொல்லுவான்? பண்டிகையும் அதுவுமா" என்று போனை வைத்துவிட்டான்.

லீதியாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோப்புக் கையோடு எழுந்து நின்றாள்.

"வளையல் எங்க?"

"அடகுல."

"உனக்கு எப்ப தெரியும்?"

"வேலை போன அன்னைக்கே. போன் பண்ணி அழுதான்."

"அன்னைக்கேவா? எனக்கு ஏன் சொல்லல?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உங்கட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். 'கிறிஸ்மஸுக்கு அப்பா எல்லாருக்கும் முன்னால நின்னு என் பேர வாசிக்கணும்லாம்மா. அவிய மொகம் என்னாகும்'னு கேட்டான். நான் என்ன சொல்லட்டும்?"

இதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். அறிவிப்புகளை உதவிச் செயலரை வாசிக்கச் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஆல்வினைக் கூப்பிட்டேன். லீதியாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அவன் "அப்பா" என்றதும் அது எதற்கும் உதவவில்லை.

"ஏல, வீட்டுக்கு வா."

"லீவு இல்லப்பா."

"எனக்குத் தெரியும்யா."

லீதியாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா சொன்னாளா?"

"அவ சொல்லல. வெலிங்டன் சொன்னான். அவனும் சொல்லணும்னு சொல்லல. அதெல்லாம் பெரிய கதை. அனுப்பின பணம் இங்கதான் இருக்கு. அதுல டிக்கெட் போட்டுடுதேன், வா."

"கிறிஸ்மஸ் கழிச்சு வாரேம்ப்பா. பேரு வாசிக்கிற அன்னைக்கு என்னால அங்க உக்கார முடியாது."

"லீவுல வந்திருக்கன்னு சொல்லிக்கிடுவோம்" என்றேன். "பத்து நாள் லீவு. பிறகு லீவ நீட்டிக்கிட்டான்னு சொல்லிக்கிடலாம். கவர்ல போட ஐயாயிரம் நான் எடுத்து வச்சிருக்கேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"சரிப்பா" என்றான்.

போனை வைத்த பிறகு லீதியாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏன் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். வேலை இல்லாமல் இருப்பதும் ஒருவகையில் லீவுதானே, இதில் பெரிய பொய் எதுவும் இல்லை.

டிசம்பர் 18, புதன்

டிக்கெட் பதினெட்டாயிரத்து நூறு. திருவனந்தபுரத்துக்கு ஞாயிறு காலை வருகிறான்.

மீதிப் பணத்தில் மீன் வாங்கினேன். லீதியாள் குழம்பு வைத்தாள். ஒரு மாதமாக இருவரும் தனித்தனியாகப் பட்டினி கிடந்திருக்கிறோம் என்று சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அவள் வெள்ளிக்கிழமை உபவாசத்துக்குக் காரணம் அரிசி. நான் சாயங்கால டீயை விட்டதற்குக் காரணம் பால். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மீனில் காரம் கூடுதல்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆல்வின் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். பெட்டியைத் தூக்கினேன், எடையே இல்லை. ஆறு வருடமாக அந்தப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவோம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் நான்கு பேர் நிறுத்தினார்கள். "எத்தன நாள் லீவு?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. "பத்து நாள்" என்று அவனை முந்திக்கொண்டு நான் சொன்னேன். நான்கு தடவையும் நான்தான் சொன்னேன். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டிசம்பர் 23, திங்கள்

முந்திரிக்கொத்தும் முறுக்கும் செய்தார்கள். லீதியாளுக்கு முட்டு வலி நிஜம்தான் என்று தெரிகிறது. ஆல்வின்தான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தான். முதல் ஈடு கருகிப்போனது. அதை அவனே தின்றான்.

"ஏம்மா பன்னெண்டு தட்டு?" என்று கேட்டான்.

"உங்கப்பா போட்ட திட்டம்."

"தட்டு போகாத வீட்டுல கேப்பாங்களே?"

"எனக்குக் கொழுப்புன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றேன்.

அவன் சிரித்தான். வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

சாயங்காலம் கவரை அவன் கையில் கொடுத்தேன். உள்ளே பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். "பேரும் ஊரும் நீயே எழுதிக் கோயில் காணிக்கைப் பெட்டியில போட்டுரு. என் கையெழுத்து வேண்டாம், சபைக் கணக்கருக்குத் தெரிஞ்சுரும்" என்றேன். "சரிப்பா" என்று வாங்கிக்கொண்டான். அவன் எதற்கும் "சரிப்பா" என்று சொல்வது எனக்கு நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கோயில் அலுவலகத்தில் கணக்கரும் நானும் கவர்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். நூற்று முப்பத்தெட்டு கவர்கள் வந்திருந்தன. அவர் பணத்தை எண்ணுவார், நான் பட்டியல் எழுதுவேன். மதியத்துக்குள் அறுபது கவர்கள் முடிந்தன. கணக்கர் சாப்பிடப் போன நேரத்தில் ஆல்வினுடைய கவர் என் கையில் வந்தது.

உள்ளே இருந்தது இருநூறு ரூபாய்.

கவரின் மேல் அவனுடைய கையெழுத்து. கட்டிடப் படங்களில் எழுதுகிற அதே பெரிய, நேரான எழுத்து. பெயர்: ஆல்வின் ராபர்ட். ஊர்: கிருபாபுரம். தொகை: இருநூறு. ஜெபக் குறிப்பு: "எனக்கு வேலை போய்விட்டது. புது வேலை கிடைக்கச் சபையார் ஜெபிக்கவும்."

மூன்று தடவை வாசித்தேன். என் மைக்கில், என் வாயால், நான் வாசிக்க வேண்டும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறான்.

இங்கே நிதானமாக யோசித்து எழுதுகிறேன். ஜெபக் குறிப்பை விட்டுவிட்டு வாசிப்பது செயலரின் உரிமை. நேரம் இல்லாவிட்டால் முன்பும் விட்டிருக்கிறேன். நூற்று முப்பத்தெட்டு கவர்களில் ஒன்றில் ஒரு வரி விட்டுப்போவது யாருக்கும் தெரியாது. கணக்கர் வருவதற்குள் பட்டியலில் "ஆல்வின் ராபர்ட், இருநூறு" என்று மட்டும் எழுதினேன். கவரை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது லீதியாளின் கையில் ஒரு வளையல் இருந்தது. கவரில் போடச் சொன்ன பணத்தை ஆல்வின் அவளிடம் கொடுத்து, அவளுடைய சிறுவாட்டுப் பணத்தையும் சேர்த்து, ஒன்றை மட்டும் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இன்னொன்று அடகில்தான் இருக்கிறது. அவன் வெளியே தட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தான்.

"பட்டியல் எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

"அவன் எழுதினதையும் எழுதியாச்சா?"

அவளுக்குத் தெரியும். அவளுக்கு எப்போதும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

"அவன் சின்னப் பையன், யோசிக்காம எழுதிட்டான். நாளைக்கு ஊரு முழுக்க அவனப் பத்திப் பேசும்" என்றேன்.

"அவனுக்கு முப்பது வயசு. யோசிச்சுத்தான் எழுதினான்." தட்டுகளுக்கு மூட வைத்திருந்த துணிகளை மடித்துக்கொண்டே, "ஊரு பேசுனா அவன் தாங்கிக்கிடுவான். நீங்க தாங்குவியளான்னுதான் கேட்டான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக இந்த வீட்டில் நான் செய்ததெல்லாம் அவனுக்காகத்தான். பிஸ்கட்டும், பன்னிரண்டு தட்டும், ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்ட கஞ்சன் பட்டமும் அவனுக்காகத்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை.

டிசம்பர் 25, புதன், கிறிஸ்மஸ்

அதிகாலை நான்கரைக்கு ஆராதனை. கோயில் நிரம்பி வாசலிலும் நின்றார்கள். ஆல்வின் ஆண்கள் பக்கம் ஆறாவது வரிசையில், பழைய வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். புதுச்சட்டை வேண்டாம் என்றுவிட்டான்.

பிரசங்கத்துக்குப் பிறகு நான் மைக் முன்னால் போனேன். பட்டியல் அகர வரிசை. முதல் பெயர் அந்தோணி அம்மாள், இரண்டாவது அருள்மணி. எட்டாவது பெயர் ஆல்வின்.

"ஆல்வின் ராபர்ட்" என்று வாசித்தேன். "இருநூறு ரூபாய்."

பின்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. கேரல் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம், விரல் அந்தப் பெயரின் மேல்தான் இருந்தது. எதற்கோ அவனைப் பார்த்துவிட்டேன். தலையைக் குனிந்திருப்பான் என்று நினைத்தேன். குனியவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வேண்டுதல் எதுவும் இல்லை. நான் என்ன செய்தாலும் ஒத்துக்கொள்வதுபோல இருந்தான். அவன் சின்ன வயதில் பரீட்சை மார்க் வரும்போது நான்தான் அப்படி ஒரு முகத்தோடு அவனிடம் நின்றிருக்க வேண்டும். நின்றதில்லை.

சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தேன்.

"ஜெபக் குறிப்பு" என்றேன். "எனக்கு வேலை போய்விட்டது. புது வேலை கிடைக்கச் சபையார் ஜெபிக்கவும். ஆல்வின் ராபர்ட், கிருபாபுரம்."

குரல் ஏறவில்லை. ஆனால் மைக் இந்த வருடம்தான் மாற்றியது, ஒரு எழுத்து விடாமல் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். தாளில் இல்லாத ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். "என் மகன்" என்றேன். பிறகு ஒன்பதாவது பெயரை வாசித்தேன். மீதி நூற்று இருபத்தொன்பது பெயர்களையும் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது விடிந்திருந்தது. கை கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் "கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்கள். கேரல் குழுத் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைப்பானேன், நன்றாகவே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்று கிளம்பினேன்.

வேப்பமரத்தடியில் பால் சொசைட்டி எலிசா வழிமறித்தார். என்னைவிடப் பெரியவர், சபையில் முன்வரிசைக்காரர்.

"அண்ணாச்சி, நம்ம பய மஸ்கட்டுல இருந்து மார்ச் மாசமே வந்துட்டான்" என்றார். "கோயம்புத்தூர்ல கம்பெனியில இருக்கான்னு சொல்லிட்டு இருக்கோம். அங்க ஒரு லாட்ஜுல இருக்கான். நானும் மாசாமாசம் அரிசி கொண்டு குடுத்துட்டு வாரேன். வர ஞாயித்துக்கிழமை அவன் பேரையும் ஜெபக் குறிப்புல வாசிச்சிருங்க."

இன்று காலை அவர் மகன் கவரை நான் "பிரபு எலிசா, கோயம்புத்தூர், மூவாயிரம் ரூபாய்" என்று வாசித்திருந்தேன். அந்த மூவாயிரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

அவருக்குப் பின்னால் தையல் வேலை செய்கிற மேரி புஷ்பம் நின்றிருந்தாள். அவர் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். "எங்க வீட்டு மருமவனுக்குந்தான் வேலை இல்ல சார்" என்றாள். "பேரு வேண்டாம்னா மருமவன்னு மட்டும் வாசிங்க. இல்ல, பேரும் வாசிங்க. என்ன இப்ப?" அதற்குள் இன்னொருவர் வந்து, என் காதோடு காதாக, தன் மகளைப் பற்றிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரை இத்தனையும் மனதில் நிற்காது என்று பையில் பேனாவைத் தேடினேன். இல்லை. ஆல்வின் பக்கத்தில் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். என் கையிலிருந்த தன் கவரை வாங்கித் திருப்பி, மேரி புஷ்பத்திடம், "அக்கா, முழுப் பேரு சொல்லுங்க" என்று கேட்டுத் தன் பேனாவால் எழுத ஆரம்பித்தான்.